துணி திருடிய பையனின் தடம்



இந்த மேடையில் எனக்கு முன்னால் பேசியவர்கள் மன்னர்களைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள், புலவர்களைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். நான் ஒரு துணி திருடரைப் பற்றிப் பேசப்போகிறேன். பெயர் ஆண்ட்ரூ தாம்சன். ஊர், ஸ்காட்லாந்தின் தென்கிழக்கில், இங்கிலாந்து எல்லைக்குப் பக்கத்திலுள்ள கிர்க் யெட்டம். 1790-இல் ஜெட்பரா நகரத்துக் கோர்ட்டு அவருக்குப் பதினான்கு ஆண்டு நாடுகடத்தல் தண்டனை விதித்தது. அப்போது அவருக்கு வயது பதினேழு இருக்கும். திருடியது சுமார் பத்து பவுன் பெறுமானமுள்ள துணி.

ஏன் இவர்? வரலாற்றில் ஏழை எப்போது எழுத்தில் ஏறுகிறான் என்று யோசித்துப் பாருங்கள். பிறந்தபோது ஒரு வரி, மணம் முடித்தபோது ஒரு வரி, செத்தபோது ஒரு வரி. நடுவில் அவன் பெயர் பக்கம் பக்கமாக வருகிறதென்றால் அவன் கோர்ட்டில் நிற்கிறான், அல்லது யாரோ அவனுக்குச் சோறு போட்டுக் கணக்கு எழுதுகிறார்கள் என்று அர்த்தம். அந்தத் தாள்கள் அவனுக்காக எழுதப்பட்டவை அல்ல. ஒவ்வொரு தாளையும் எழுதவைத்தவர் ஒருவர் உண்டு, அதற்குச் செலவழித்தவர் ஒருவர் உண்டு. கைதியைத் தேடிப் போகிறவர் முதலில் அந்த ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பதுதான் இன்று நான் சொல்ல வந்தது.

1788 முதல் 1868 வரை பிரிட்டன் ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பிய கைதிகள் ஒரு லட்சத்து அறுபதாயிரத்துக்கும் மேல். அதில் ஸ்காட்லாந்துக் கோர்ட்டுகள் அனுப்பியவர்கள் இருபதில் ஒரு பங்குதான். மக்கள்தொகைக்கு இது மிகக் குறைவு. காரணம் ஸ்காட்லாந்துக்காரர்களின் ஒழுக்கம் என்று எடின்பரோவில் சிலர் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். எனக்கு அதில் நம்பிக்கையில்லை. காரணம் சட்டத்தில் இருக்கிறது.

1707-இல் இங்கிலாந்தோடு இணைந்தபோது ஸ்காட்லாந்து தன் நாடாளுமன்றத்தை விட்டுக்கொடுத்தது, ஆனால் தன் சட்டத்தையும் கோர்ட்டுகளையும் விடவில்லை. இங்கிலாந்தில் சிறு திருட்டுக்குக்கூட உள்ளூர் நீதிபதிகளின் காலாண்டு அமர்வே ஒருவரைக் கடல் கடத்திவிடும். ஸ்காட்லாந்தில் உள்ளூர் நீதிபதியான ஷெரிஃபுக்கு அந்த அதிகாரம் கிடையாது. உயர் குற்றவியல் நீதிமன்றம்தான் கடத்த முடியும். அது எடின்பரோவில் அமரும், அல்லது அதன் நீதிபதிகள் சுற்றுப் பயணமாக ஜெட்பரா, டம்ஃப்ரீஸ், ஏர், கிளாஸ்கோ, பெர்த், அபர்டீன், இன்வர்னஸ் என்று ஊர் ஊராக வருவார்கள். அவர்கள் முன் ஒருவரைக் கொண்டுபோய் நிறுத்துவது செலவு பிடித்த வேலை. அதனால் பலமுறை மாட்டியவர்களும் பெரிய திருட்டுக்காரர்களுமே அங்கே போய்ச் சேர்ந்தார்கள். குற்றப்பத்திரிகையில், பழக்கத்தாலும் பேராலும் திருடர் என்று ஒரு வாசகத்தைச் சேர்த்தால் தண்டனை கனக்கும். நம்மூர் போலீஸ் வைத்திருந்த கேடி லிஸ்ட்டில் பெயர் ஏறுவது போல. விளைவு, ஆஸ்திரேலியக் குடியேற்றங்களில் ஸ்காட்லாந்துக் கைதி என்றாலே தேர்ந்த கெட்டவர் என்ற பெயர் பரவியது. அயர்லாந்துக் கைதியைப் பார்த்துப் பரிதாபப்பட்டவர்கள்கூட ஸ்காட்லாந்துக் கைதியிடமிருந்து சற்றுத் தள்ளியே நின்றார்கள்.

இன்னொரு வேறுபாடு, தேடுகிறவர்களுக்குப் பொற்குவியல் போன்றது. இங்கிலாந்தில் அந்தக் காலத்தில் திருட்டுக் கொடுத்தவரே வழக்கை நடத்த வேண்டும். சாட்சி தேடுவதும் செலவு செய்வதும் அவர் பாடு. ஸ்காட்லாந்தில் வழக்கு அரசின் பெயரால், லார்ட் அட்வகேட்டின் பெயரால் நடக்கும். உள்ளூரில் அவருக்காக ஒரு பொது வழக்குத் தொடுநர் இருப்பார். விசாரணைக்கு முன்பே அவர் ஒவ்வொரு சாட்சியையும் அழைத்து வாக்குமூலம் எழுதி எடின்பரோவுக்கு அனுப்புவார். அங்குள்ள அரசு வழக்கறிஞர்கள் படித்துப் பார்த்துத்தான் வழக்குத் தொடுக்கலாமா என்று முடிவு செய்வார்கள். இந்த முன்விசாரணைக் கட்டுகளுக்கு பிரிகாக்னிஷன் என்று பெயர். 1812-க்குப் பிந்தையவை ஏராளமாக இன்றும் ஸ்காட்லாந்தின் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

அப்படியொரு கட்டைப் பிரித்தால் என்னென்ன வரும்? கடைக்காரர் வருவார். எந்த அலமாரியில் எந்தத் துணி இருந்தது, எப்போது காணோம் என்று கவனித்தார், தன் துணி இதுதான் என்று எந்தக் குறியை வைத்துச் சொல்கிறார் என்பதெல்லாம் வரும். பக்கத்து வீட்டுப் பெண் வருவாள், ராத்திரி எத்தனை மணிக்கு யார் காலடிச் சத்தம் கேட்டது என்பாள். அடகுக் கடைக்காரர் வருவார், அவர் சொல்வதில் பாதி தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் இருக்கும். கடைசியாகக் குற்றம் சாட்டப்பட்டவரின் வாக்குமூலம். வயது, பிறந்த ஊர், தொழில், தகப்பன் உயிரோடு இருக்கிறாரா என்பதில் தொடங்கும். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அவர் கையெழுத்து. எழுதத் தெரியாவிட்டால், எழுதத் தெரியாது என்கிறார் என்று எழுதி ஷெரிஃப் கையெழுத்திடுவார். குமாஸ்தா படர்க்கையில் எழுதியிருந்தாலும் ஆளின் பேச்சு இடையிடையே எட்டிப் பார்க்கும். அந்தத் துணியைச் சாலையில் கண்டெடுத்தேன் என்று சொல்லாத ஸ்காட்லாந்துத் திருடர் இல்லையோ என்றுகூடத் தோன்றும்.

தாம்சன் வழக்கு 1790. அந்த மாதிரி ஒழுங்கான கட்டுகள் சேர்த்து வைக்கப்பட்ட காலத்துக்கு முந்தியது. அவரைப் பொறுத்தவரை கோர்ட்டின் குறிப்பேடுதான் கதி. நெசவும் துணி வியாபாரமும் செய்த குடும்பத்துப் பையன், ஊர்ப் பள்ளியில் படித்தவர், எழுதப் படிக்கக் கணக்குப் பார்க்கத் தெரிந்தவர். துணியின் தரம் தெரிந்த வீட்டில் வளர்ந்து துணியையே திருடியிருக்கிறார். அன்றைய ஸ்காட்லாந்துச் சட்டத்தில் ஒரு வினோதமும் இருந்தது. விசாரணைக்கு முன்பே, எனக்கு விசாரணை வேண்டாம், என்னை நாடு கடத்திவிடுங்கள் என்று மனுக் கொடுக்கலாம். அரசுத் தரப்பு சம்மதித்தால் ஜூரி கூட வேண்டியதில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் தூக்குக்குப் பயந்தவர்கள் பலர் இந்த வழியில் தப்பினார்கள். சிறு குற்றம் செய்தவர்களை ஸ்காட்லாந்தைவிட்டு வெளியேறச் சொல்லி விரட்டிவிடும் வழக்கமும் இருந்தது. விரட்டப்பட்டவர் எல்லை தாண்டி இங்கிலாந்துக்குப் போவார். இங்கிலாந்துக்காரர்கள் இதைப் பற்றி அங்கலாய்த்தது நியாயம்தான்.

பெயர்களைப் பற்றி மாணவர்களுக்கு ஒரு குறிப்பு. ஸ்காட்லாந்துச் சட்டத் தாள்களில் மணமான பெண்ணுக்குப் பிறந்த வீட்டுப் பெயரும் உண்டு, புகுந்த வீட்டுப் பெயரும் உண்டு. இரண்டையும் 'அல்லது' போட்டு எழுதுவார்கள். இது தெரியாதவர் பார்த்தால் அவள் கள்ளப் பெயர் வைத்துத் திரிந்தவள் என்று நினைப்பார். ஆகவே இரண்டு பெயரிலும் தேடுங்கள். மக் என்று தொடங்கும் பெயரை மூன்று நான்கு விதமாக எழுதுவார்கள், எல்லாவற்றிலும் தேடுங்கள். தண்டனை பெற்ற ஊரைப் பிறந்த ஊர் என்று கொள்ளாதீர்கள். கிளாஸ்கோவில் தண்டனை பெற்றவர்களில் பலர் பிழைப்புத் தேடி அங்கே வந்தவர்கள். 1830-களில் கடத்தப்பட்டவராக இருந்தால் பெற்றோரை 1841 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பார்க்க வாய்ப்புண்டு. 1855-இல் ஸ்காட்லாந்தில் கட்டாயப் பதிவு வந்தபின் எழுதிய இறப்புச் சான்றுகளில் தாயின் பிறந்த வீட்டுப் பெயர்கூட இருக்கும். கைதியை நேராகத் தேடிக் கிடைக்காதபோது ஊரில் தங்கிவிட்ட தங்கையைத் தேடிக் கண்டுபிடித்தவர்கள் உண்டு.

இனி கப்பல். தாம்சன் ஏறியது பிட் என்ற கப்பல். 1791 ஜூலையில் புறப்பட்டு 1792 பிப்ரவரியில் சிட்னி சேர்ந்தது. வழியில் காய்ச்சல் கண்டு பலர் இறந்தார்கள். பின்னால் குடியேற்றத்தின் பொறுப்பை ஏற்ற மேஜர் கிரோஸும் அதே கப்பலில்தான் வந்தார். கைதிகளை இறக்கிவிட்டு பிட் வங்காளத்துக்குப் போனது. அந்தக் காலத்துக் கைதிக் கப்பல்களுக்கு சிட்னி ஒரு வழித்துறைதான். போகும்போது ஆள், திரும்பும்போது இந்தியாவின் அல்லது சீனாவின் சரக்கு.

கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் இந்த வியாபாரம் புதிதல்ல என்பதை இங்கே சொல்ல வேண்டும். அதே காலத்தில் நம் சென்னை மாகாணக் கைதிகளும் தீவாந்தரம் போனார்கள், முதலில் பினாங்குக்கும் பிறகு சிங்கப்பூருக்கும். சிங்கப்பூரின் புனித ஆண்ட்ரூ பேராலயத்தை 1856-இலிருந்து கட்டியவர்கள் இந்தியக் கைதிகள். ஸ்காட்லாந்து வணிகர்கள் பணம் கொடுத்ததால் ஸ்காட்லாந்தின் காவல் புனிதர் பெயர் வைக்கப்பட்ட அந்தக் கோயிலின் சுவருக்குப் பூசியது மெட்ராஸ் சுண்ணாம்பு. கிளிஞ்சல் சுண்ணாம்பும் முட்டை வெள்ளையும் சர்க்கரையும் தேங்காய் மட்டை ஊறிய தண்ணீரும் கலந்து அரைத்தது. சுவர் நிற்கிறது. பூசியவர் என்ன திருடினார் என்று தெரிந்துகொள்ள, தாம்சனைத் தேடுவதைவிடப் பத்து மடங்கு பாடுபட வேண்டும்.

சிட்னிக்கு வந்த தாம்சன் காகிதத்தில் மெலிகிறார். பின்னாளில் வான் டீமன்ஸ் லாண்டில், இன்றைய தாஸ்மேனியாவில், கைதிக்கு எழுதிய பதிவேடு வேறு விதம். உயரம் அங்குலக் கணக்கில், தலைமுடி, கண் நிறம், மூக்கு, அம்மைத் தழும்பு, கையில் குத்திய பச்சையில் யார் பெயரின் முதலெழுத்து இருக்கிறது என்பது வரை எழுதினார்கள். தப்பி ஓடினால் விளம்பரம் கொடுக்க வேண்டுமே! தாய்நாட்டுச் சிறைக் கப்பலில் நடத்தை எப்படி, இங்கே எந்த எஜமானிடம் எதற்காகக் கசையடி பட்டார் என்று ஒரே பக்கத்தில் பத்தாண்டு வாழ்க்கை. ஆஸ்திரேலியாவின் கைதிப் பதிவேடுகளை 2007-இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பட்டியலில் சேர்த்தது பொருத்தம்தான். தாஸ்மேனியப் பதிவேடுகளை இன்று இங்கே உட்கார்ந்தபடியே கணினியில் பார்க்கலாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஒழுங்காக இருந்தவரின் பக்கம் கிட்டத்தட்ட வெறுமையாக இருக்கும். அடிபட்டவரின் பக்கத்தில் எழுத இடமில்லாமல் ஓரத்தில் நெருக்கியிருப்பார்கள்.

1792-இல் அந்த ஏற்பாடெல்லாம் இல்லை. பசி மிகுந்த குடியேற்றம். தாம்சனை உணவுக் கிடங்கில் வேலைக்குப் போட்டார்கள். எழுத்தும் கணக்கும் தெரிந்த கைதிக்கு அங்கே கிராக்கி. அடுத்த ஆண்டு போலீசில் சேர்ந்தார். ஆம், கைதிகளைக் காவல் காக்கக் கைதிகளையேதான் வைக்க வேண்டியிருந்தது. 1796-இல் ஹாக்ஸ்பரி ஆற்றங்கரையிலுள்ள கிரீன் ஹில்ஸுக்கு மாற்றல். அதுதான் இன்றைய வின்ட்ஸர். சிட்னிக்குச் சோறு போட்ட வண்டல் நிலம் அது. தண்டனைக் காலம் முடிவதற்கு நெடுநாள் முன்பே மன்னிப்புக் கிடைத்தது. தலைமைக் கான்ஸ்டபிள் ஆனார். கூடவே கடை வைத்தார், நிலம் வாங்கினார், 1802-இல் சவுத் க்ரீக் ஓடையின் குறுக்கே மிதவைப் பாலம் போட்டுச் சுங்கம் வசூலித்தார், 1806-இல் பீர் காய்ச்ச அனுமதி வாங்கினார், தானியம் ஏற்றக் கப்பல் கட்டினார், அதே கப்பல்களைச் சீல் வேட்டைக்கும் அனுப்பினார். சட்டத்தைக் காக்கிறவர், கடன் கொடுக்கிறவர், சரக்கு ஏற்றுகிறவர் மூவரும் ஒருவராக இருந்தால் அந்த ஊர் விவசாயி யாரிடம் போய் முறையிடுவான்? இந்தக் கேள்வியை அவரைப் பாராட்டி எழுதியவர்கள் அதிகம் கேட்டதில்லை.

கழிமுகத் தீவு ஒன்றில் உப்புக் காய்ச்சிப் பார்த்தார். பிறகு பிட்வாட்டரில் உள்ள இன்னொரு தீவுக்குத் தொழிலை மாற்றினார். இறைச்சியை உப்பிட்டு வைக்காமல் அந்தக் குடியேற்றம் உயிர் வாழ முடியாது, அதனால் உப்புக்கு நல்ல விலை. அந்த இரண்டாவது தீவுக்குத் தன் நாட்டின் பெயரையே வைத்தார். 1810 ஜனவரியில் அதன் 120 ஏக்கரும் அவருக்குப் பட்டாவாயிற்று. ஸ்காட்லாந்து எந்தப் பையனை வேண்டாமென்று அனுப்பியதோ அவர் கையில் ஒரு ஸ்காட்லாந்து. சிட்னிக்கு வடக்கே அந்த ஸ்காட்லாந்து தீவில் இன்றும் மக்கள் குடியிருக்கிறார்கள், படகில்தான் போக வேண்டும்.

ஹாக்ஸ்பரி 1806 மார்ச்சில் கரை உடைத்தது. 1809-இல் மறுபடி இருமுறை. தாம்சன் தன் படகுகளோடு வெள்ளத்தில் இறங்கி, வைக்கோல் போர் மேலும் கூரை மேலும் தொற்றிக்கொண்டிருந்தவர்களை மீட்டார். உடம்பு அதோடு கெட்டது. இதைப் பகைவர்களும் மறுக்கவில்லை.

ஆனால் அதே ஆற்றங்கரையில் 1805-இல் நடந்ததையும் சொல்ல வேண்டும். அந்த மண் பூர்வகுடிகளான தாரக் மக்களின் மண். ஆற்றோரக் கிழங்குத் தோட்டங்களைக் குடியேறிகள் சோளக் கொல்லையாக்கினார்கள், பறிகொடுத்தவர்கள் கொல்லையில் இறங்கி அறுத்தார்கள், துப்பாக்கி பேசியது. அந்த ஆண்டு தாம்சன் தலைமையில் போன குடியேறிகளின் கும்பல் தாரக் மக்கள் பலரைக் கொன்றது. அதை சிட்னி கெஸட் அச்சிட்டது. அந்தப் பத்திரிகையின் அச்சகத்தாரான ஜார்ஜ் ஹோவும் திருட்டுக்காக நாடுகடத்தப்பட்டவர்தான். துணி திருடியதற்குப் பதினான்கு ஆண்டு. இதற்கு வழக்கே இல்லை, கட்டும் இல்லை, வாக்குமூலமும் இல்லை. செலவழித்து எழுதவைக்க யாருக்கும் தேவை இருக்கவில்லை.

1808 ஜனவரியில் ராணுவ அதிகாரிகள் ஆளுநர் வில்லியம் பிளையைக் கவிழ்த்தார்கள். பிளையின் ஹாக்ஸ்பரிப் பண்ணையை மேற்பார்த்தவர் தாம்சன். அவரை விசாரித்துப் பண்ணைக் கணக்குகளைத் துருவினார்கள், பதவியும் போயிற்று. நமக்கு இது லாபம். ஒரு விசாரணை நடந்தால் ஒரு கட்டுத் தாள் கிடைக்கும்.

பிறகு 1810 ஆரம்பத்தில் மக்வாரி ஆளுநராக வந்தார். அவரும் ஸ்காட்லாந்துக்காரர், மேற்குத் தீவொன்றில் பிறந்து இந்தியாவில் படைப்பணி செய்தவர். வந்த சில நாட்களிலேயே தாம்சனை மாஜிஸ்டிரேட் ஆக்கினார். கைதியாக வந்த ஒருவர் அந்தப் பீடத்தில் அமர்ந்தது அதுவே முதல் முறை. சாலைச் சுங்கக் குழுவில் தாம்சனையும் சிமியோன் லார்டையும் போதகர் சாமுவேல் மார்ஸ்டனோடு சேர்த்து நியமித்தபோது, முன்னாள் கைதிகளோடு உட்கார மாட்டேன் என்று மார்ஸ்டன் மறுத்துவிட்டார். மக்வாரி அதை மறக்கவுமில்லை, மன்னிக்கவுமில்லை. தாம்சன் அதே ஆண்டு அக்டோபர் 22-இல், மணம் செய்துகொள்ளாமலே இறந்தார். சொத்தில் நாலில் ஒரு பங்கை ஆளுநர் மக்வாரிக்கு எழுதி வைத்திருந்தார்.

இப்போது கல்லறையைப் பாருங்கள். வின்ட்ஸர் புனித மத்தேயு தேவாலய வளாகத்தில் இருக்கிறது, மக்வாரி எழுப்பியது. ஸ்காட்லாந்தில் பிறந்தவர், பதினேழு வயதில் இந்நாட்டுக்கு அனுப்பப்பட்டவர் என்று தொடங்குகிறது வாசகம். யார் அனுப்பினார்கள், எதற்காக என்று இல்லை. ஜெட்பரா இல்லை, துணி இல்லை. விடா உழைப்பும் மேலோருக்குப் பணிந்து நடந்ததும் இருக்கின்றன, 1809 வெள்ளம் இருக்கிறது, 1805 இல்லை. மாஜிஸ்டிரேட் பதவி தந்த நன்றியில் சொத்தின் கால் பங்கை ஆளுநருக்கு எழுதினார் என்பதும் கல்லில் இருக்கிறது. கல் வெட்டக் காசு கொடுத்தவரும் அந்தக் கால் பங்கைப் பெற்றவரும் ஒரே ஆள் என்பதை நினைவில் வைத்துப் படிக்க வேண்டும். 1819-இல் லண்டன் அனுப்பிய விசாரணை ஆணையர் பிக், 1822-இல் வெளியான அறிக்கையில் முன்னாள் கைதிகளை நீதி பீடத்தில் ஏற்றியதற்காக மக்வாரியைக் கண்டித்தபோது தாம்சனின் பெயர் மறுபடி எழுந்தது. அங்கே வெள்ளத்தில் இறங்கியவர் பின்னால் போய்விடுகிறார், சாராய வியாபாரி முன்னால் வருகிறார். பிக்கின் வேலை தண்டனையை மறுபடி பயமுறுத்துவதாக ஆக்குவது. அவருக்கு வேண்டிய தாம்சன் அவருக்குக் கிடைத்தார். கல்லையும் அறிக்கையையும் கூட்டி இரண்டால் வகுத்தால் உண்மை வரும் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அந்தக் கணக்கில் உடன்பாடில்லை. இரண்டுமே மக்வாரியைப் பற்றியவை.

தாம்சனைப் போல எல்லாரும் ஆனார்கள் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. கிளாஸ்கோவிலிருந்து திருட்டுக்காக வான் டீமன்ஸ் லாண்டுக்குப் போன மேரி மக்லாக்லனை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பெண் குழந்தைகளை ஊரில் விட்டுவிட்டுப் போனவர். வேலைக்கு விடப்பட்ட இடத்தில் கருவுற்றார், ஹோபார்ட்டின் பெண்கள் சிறையில் பிள்ளை பிறந்தது, பிள்ளையைக் கொன்றார் என்று வழக்கு. 1830 ஏப்ரல் 19-இல் தூக்கிலிட்டார்கள். அந்தத் தீவில் தூக்கிலிடப்பட்ட முதல் பெண் அவர். உடலை அன்றைய சட்டப்படி மருத்துவர்கள் அறுத்துப் பார்த்தார்கள். அவர் பெயரில் கல் வைக்க அப்போது யாரும் இல்லை. அந்த இரண்டு பெண்கள் என்ன ஆனார்கள் என்பதைத்தான் கிளாஸ்கோவின் பதிவுகளில் நான் முதலில் தேடச் சொல்வேன்.

வின்ட்ஸருக்குத் திரும்புகிறேன், அங்கே கதை முடியவில்லை. 1811-இல் மக்வாரி ஊரின் நடுவே இருந்த திடலுக்குத் தாம்சன் சதுக்கம் என்று பெயரிட்டார். நம் காலத்தில் ஆற்றின் மேல் 1874-ஆம் ஆண்டுப் பாலத்துக்குப் பதில் புதுப் பாலம் கட்ட முடிவானது. அணுகுசாலை சதுக்கத்தை வெட்டிக்கொண்டு போனது. ஊர்க்காரர்கள் 2013-இல் சதுக்கத்தில் கொட்டகை போட்டு இரவும் பகலுமாக ஐந்து ஆண்டு உட்கார்ந்தார்கள். தோற்றார்கள். 2020-இல் புதுப் பாலம் திறந்தது, பழையது இடிக்கப்பட்டது. அதற்கு முன் விதிப்படி தொல்லியலாளர்கள் மண்ணைத் தோண்டியபோது மக்வாரி காலத்துச் செங்கல் வடிகால்கள் கிடைத்தன. தாம்சன் நடமாடிய அந்தத் திடலின் மண்ணைப் பற்றி இதுவரை எழுதப்பட்டதிலேயே மிக விரிவான அறிக்கைகள் அந்த அகழாய்வில் வந்தவைதான். எழுதவைத்தது புதுப் பாலத்தைக் கட்டிய சாலைத் துறை.